பச்சை இலை போட்ட கேன்

தம்பி,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிப்பதுதான் முறை. இந்தத் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் பாதிப் பேருக்குக் கடிதமும் மனுவும் எழுதிக் கொடுக்கிறவன் நான்தான் என்பதால் அந்த வரி என் கைக்குத் தானாகவே வரும். ஆனால் போன மாதம் தெரணியகலை பஸ்ஸில் மருமகள் நதீஷாவை ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டு நீ என்னைத் திரும்பிப் பார்த்தாயே, அதற்குப் பிறகு உன்னிடம் நலம் விசாரிக்க எனக்கு மூஞ்சி இல்லை. "புள்ள பொறந்தாலும் இந்தப் பக்கம் கூட்டிட்டு வர மாட்டோம்ப்பா" என்று சொன்னாய். சத்தமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தித் தீர்த்திருப்பேன். மெதுவாகச் சொன்னாய்.

நீங்கள் போன பிறகு இங்கே நடந்த கூத்தைக் கேள். பக்கத்துக் காம்பரா ராக்காயி அக்காவைத்தான் உனக்குத் தெரியுமே, அந்த வாய்க்கு ஒரு டவர் வைத்தால் தோட்டம் முழுக்க சிக்னல் கிடைக்கும். பகல் பன்னிரண்டு மணிக்கு "மாமனார் மருமகளை ஏசிட்டாரு" என்று கிளம்பிய கதை, கொழுந்து நிறுக்கிற நேரத்துக்குள் "கையை ஓங்கிட்டாரு" என்று ஆகியிருந்தது. சாயங்காலம் கடைக்குப் போனால் கடைக்காரர் என்னிடமே கேட்கிறார், "அண்ணே, கவ்வாத்துக் கத்தியத் தூக்கிட்டீங்களாமே?" என்று. மாரியம்மன் திருவிழா நாடகத்தில் முப்பது வருஷமாகக் கோமாளி வேஷம் கட்டுகிறவன் கத்தியைத் தூக்கினான் என்றால் ஊர் சிரிக்க வேண்டாமா? ஒருவரும் சிரிக்கவில்லை. நான் அன்றைக்குப் போட்ட சத்தம் அப்படி.

அந்தப் பிள்ளை செய்த தப்பு என்ன? ஒன்றுமே இல்லை. அதைத்தான் முதலில் எழுத்தில் போட்டு வைக்கிறேன். நதீஷா கலியாணம் முடிந்த அன்றே என்னைத் "தாத்தே" என்று கூப்பிட்டவள். சிங்களத்தில் அது அப்பா. நம் ஆட்களுக்கும் அது தெரியும், ஆனாலும் விடுவார்களா? "மாலை வாடல, அதுக்குள்ள தாத்தாவாயிட்டியே!" என்று ராக்காயி அக்கா ஒரு மாதம் என்னைத் தெருவில் நடக்க விடவில்லை. வெளியே கோபப்படுகிற மாதிரி நடித்தேன். உள்ளுக்குள் எனக்கு அந்தச் சொல் அவ்வளவு பிடித்திருந்தது. அன்றைக்கு பஸ் ஏறும்போது அவள் என்னை எதுவுமே சொல்லிக் கூப்பிடவில்லை.

நீங்கள் வந்திருந்த அந்த இரண்டு நாளும் எவ்வளவு நன்றாகப் போனது என்று நினைத்துப் பார்க்கிறேன். நீ போனை நீட்டி, பிள்ளைக்கு வாங்கப் போகிற சாமான் லிஸ்டைக் காட்டினாய். மூங்கில் கட்டில், இலவம்பஞ்சு மெத்தை, தோய்த்துத் தோய்த்துக் கட்டுகிற துணி டயப்பர், மரக் கிலுகிலுப்பை, பல் முளைக்கும்போது கடிக்க ரப்பர் வளையம். பூமிக்குக் கெடுதல் செய்யாத சாமான்கள், எல்லாவற்றிலும் பச்சை இலைப் படம் போட்டிருக்கும், அதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்றாய். நான் என் பங்குக்கு, ரப்பர் பாலில் கலக்குகிற அசிட்டை மோந்து பார்த்தவன் எவனும் அந்த வளையத்தைப் பிள்ளை வாயில் வைக்க மாட்டான் என்றேன். வாசலில் நின்ற ராக்காயி அக்கா, "மூங்கில்ல படுக்கிறது கடைசியிலதானேப்பா, இவன் என்ன மொதல்லயே படுக்க வைக்கிறான்?" என்றாள். நதீஷாவுக்குப் பாடை விஷயம் புரியாமல் அவளும் சேர்ந்து சிரித்தாள். உங்கம்மா மட்டும் ராக்காயியை முறைத்துவிட்டு உள்ளே போனாள். நீங்கள் புதிதாகச் சொல்வதைத்தான் நாங்கள் பழக்கமாகவே வைத்திருந்தோம் என்று நான் பெருமை அடித்துக்கொண்டேன். பிறக்கும் முன்னே சாமான் வாங்கக்கூடாது, முதல் துணி பழைய துணியாகத்தான் இருக்க வேண்டும், பழைய சேலையில்தான் தொட்டில். "அப்போ எங்கப்பாதான் மொத சூழல் பாதுகாப்புக்காரர்" என்று நீ சொன்னாய். அந்த வார்த்தையில் எனக்கு உச்சி குளிர்ந்தது. குளிர்ந்த உச்சிக்கு மறுநாள் என்ன நடந்தது என்றுதான் உனக்குத் தெரியுமே.

இந்த வருஷ மழையில் லயத்துக்குப் பின்னால் இருந்த மண்திட்டு சரிந்தது அல்லவா. மறுநாள் காலையில் நதீஷா அந்தப் பக்கம் கைகழுவப் போனவள், மண்ணுக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஒரு சாமானை இழுத்து எடுத்துவிட்டாள். நீளவாக்கில் பாதியாக அறுத்த நீலக் கேன். விளிம்பு கையைக் கீறாமல் இருக்கச் சூடு காட்டி மழுக்கி, இரண்டு பக்கமும் பிடிக்கக் கம்பி வளையம் போட்டது. பீலியில் விழுகிற தண்ணீரில் பிடித்து, சேறு போகத் தேய்த்து, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு அவள் என்னிடம் வந்தாள். "தாத்தே, மேக்க ஹரி ஹொந்தய்னே! ரொம்ப நல்லா இருக்கு! யாரு செஞ்சது? பாபாவுக்குக் குளிக்க நல்ல தொட்டி. புதுசு வாங்கத் தேவயில்ல." வயிற்றோடு சேர்த்து அணைத்துப் பிடித்திருந்தாள், தம்பி. நான் அதைப் பிடுங்கி எறிந்தேன். என்னென்ன கத்தினேன் என்று எனக்கு இப்போது ஞாபகம் இல்லை, உனக்கு இருக்கும். அவள் கீழே விழாதது மாரியம்மா புண்ணியம்.

அந்தத் தொட்டியைச் செய்தவன் நான்.

உனக்கு ஒரு அக்கா இருந்தாள். பள்ளிக்கூட விண்ணப்பப் பாரத்தில் எத்தனையாவது பிள்ளை என்று கேட்ட இடத்தில் எல்லாம் "முதலாவது" என்று உனக்கு எழுதிக் கொடுத்தது என் கைதான். அது பொய். அவள் பேர் மஞ்சுளா. நான் இருபத்து மூன்று வயசில் மருந்தடிக்கிற கேங்கில் இருந்தேன். முதுகில் டாங்கியைக் கட்டிக்கொண்டு மலை மலையாகப் புல்லுக்கு மருந்தடிப்போம். பார், புல்லைச் சாகடிக்கிற விஷத்துக்கும் நாங்கள் வைத்த பேர் மருந்து. காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து, களைக்கு அடிப்பதும் மருந்து. இந்த ஒரு சொல்லை நாம் இரண்டாகப் பிரித்து வைத்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

உங்கம்மா முழுகாமல் இருந்தாள். தெரணியகலைக் கடையில் ரோஸ் கலரில் ஒரு பேபி பேசின் தொங்கிக்கொண்டிருந்தது. போகும்போதும் வரும்போதும் அவள் அதைப் பார்ப்பாள், கேட்க மாட்டாள். வாங்க முடியாமல் இல்லை. பிறக்கும் முன்னே வாங்கக்கூடாது என்கிற வழக்கம் ஒரு பக்கம், நானே ஒன்று செய்து லயத்தையே வாய்பிளக்க வைக்க வேண்டும் என்கிற கொழுப்பு மறுபக்கம். மருந்து ஸ்டோரில் கிடந்த காலிக் கேன் ஒன்றைக் கொண்டுவந்து அறுத்தேன். சாம்பல் போட்டுத் தேய்த்தேன், எலுமிச்சை போட்டுத் தேய்த்தேன், சுடுதண்ணீர் ஊற்றி ஊற வைத்தேன். வாசம் போய்விட்டது. வாசம் போனால் எல்லாம் போனது என்று நினைக்கிற புத்திதான் எனக்கு அப்போது.

ராக்காயி அக்கா அப்போதே கேட்டாள், "ஏப்பா, இது மருந்துக் கேன்தானே? புள்ளைக்கு ஒத்துக்குமா?" என்று. ஒருத்தியாவது கேட்டாள். ஊர்வாய் என்று இவ்வளவு நேரம் கேலி செய்தேனே, அந்த வாய்தான் கேட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? எனக்கு அப்போது இங்கிலீஷில் பன்னிரண்டு வார்த்தை தெரியும். அதை வைத்துக்கொண்டு தோட்டத்தில் பாதி துரை மாதிரி நடப்பேன். கேனைத் திருப்பி அதில் ஒட்டியிருந்த லேபிளில் விரலை வைத்தேன். ஒரு ஓரத்தில் பச்சை இலைப் படம். அதன் கீழே குழாய்த் தண்ணீரில் இரண்டு கை கழுவுகிற படம். நடுவில் பெரிய எழுத்தில் ஒரு வரி. அந்த வரியில் கடைசி வார்த்தை எனக்குத் தெரியும், வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப் போகிற புள்ளைக் காம்பரா பலகையில் தினமும் பார்க்கிற வார்த்தை. சில்ரன். நாலு பேர் பார்க்க, தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தேன். "நல்லாக் கழுவிட்டு சில்ரனுக்குப் பாவிக்கலாம்னு போட்டிருக்கு. எல போட்டிருக்கு பாருங்க, எலன்னா இயற்கை." எல்லாரும் ஓ என்றார்கள். "தொரைக்கே இவன்தான் இனிப் பாடம் எடுக்கணும்" என்று ராக்காயி அக்கா சிரித்தபடி போய்விட்டாள். என் வாழ்க்கையில் கிடைத்த பெரிய கைதட்டல் அது. நாடக மேடையில்கூட அப்படிக் கிடைத்ததில்லை.

மஞ்சுளா அந்தத் தொட்டியில் ஐம்பது, அறுபது நாள் குளித்திருப்பாள். வெயிலில் தண்ணீரை அதிலேயே வைத்துச் சூடேற்றுவேன், விறகு மிச்சம் என்று. கால் மடக்கிப் படுத்தால் அவளுக்கு அளவெடுத்த மாதிரி இருக்கும். தண்ணீரைக் கண்டால் சிரிப்பாள், ஈரக் கையை வாய்க்குள் வைத்துச் சப்புவாள். பிறகு உடம்பில் தடிப்பு தடிப்பாக வந்தது. அக்கி என்றார்கள். பால் தங்கவில்லை. திருஷ்டி என்றார்கள். மூச்சு இழுக்க ஆரம்பித்ததும்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

அந்த டாக்டர் நல்ல மனிதர். அவசரத்திலும் உங்கம்மாவை உட்காரச் சொன்னார். என்னைப் பார்த்துச் சிங்களத்தில் கேட்டார், "மொனவாஹரி பெஹெத் துன்னத?" என்று. ஏதாவது மருந்து கொடுத்தீர்களா? சிங்களத்திலும் பார், பெஹெத் என்றால் குடிக்கிறதும் அதுதான், அடிக்கிறதும் அதுதான். நான் "நே, சேர்" என்றேன். அவர் கேட்ட அர்த்தத்தில் அது உண்மை. நாங்கள் பிள்ளைக்கு ஒரு சொட்டு மருந்தும் கொடுக்கவில்லை. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்ட வினாடியில் எனக்குள் அந்த நீலக் கேன் வந்து நின்றது, தம்பி. நின்றது. இன்னொரு வார்த்தை சொல்ல எனக்கு அப்போது வாய் இருந்தது. நாலு பேர் முன்னால் லேபிள் வாசித்தவன் அந்த இடத்தில் ஊமையாக நின்றேன். மூன்றாம் நாள் போய்விட்டாள். நெஞ்சில் சளி என்று எழுதினார்கள். அந்தத் தொட்டிதான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை. கேட்டால் சொல்லியிருப்பார்கள். கேட்கிற தைரியம் எனக்கு இன்று வரைக்கும் வரவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய் லயத்துக்குப் பின்னால் குழிதோண்டிப் புதைத்தேன். உங்கம்மாவிடம் யாரோ தூக்கிப் போய்விட்டார்கள் என்றேன். பிறகு நீ பிறந்தாய். உன்னை உங்கம்மா கால்மேல் போட்டு, செம்பில் மொண்டு மொண்டுதான் குளிப்பாட்டினாள். நீ நடக்கிற வரைக்கும் உனக்குத் தொட்டி, பேசின் எதுவும் வீட்டுக்குள் வரவில்லை. அதைப் பார்த்துத்தான் எனக்கு அவ்வப்போது சந்தேகம் வரும், இவளுக்குத் தெரியுமோ என்று.

இப்போது இன்னொரு கணக்கு. நாலாம் வகுப்பில் நீ படிக்கும்போது ஒருநாள் உன்னை ஸ்டோருக்குக் கூட்டிப் போனேன். நான் அப்போது மருந்து கேங்குக்குக் கங்காணி. அங்கே வரிசையாக நின்ற கேன்களைப் பார்த்து, புதிதாக இங்கிலீஷ் படித்த குஷியில் நீ எழுத்துக் கூட்டி வாசிக்க ஆரம்பித்தாய். "கீப்... அவுட்... ஆஃப்... ரீச்... ஆஃப்... சில்ரன்." என்னைத் திரும்பிப் பார்த்தாய். "சின்னப் புள்ளைங்களுக்கு எட்டாத எடத்துல வைக்கணும்னு போட்டிருக்குப்பா!" ஒரு பாராட்டுக்குத்தான் முகத்தைத் தூக்கிப் பார்த்தாய். உன் கன்னத்தில் அறைந்தேன். நீ அழவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "தப்பா வாசிச்சுட்டேனாப்பா?" என்று கேட்டாய். நான் "ஆமா, தப்பு" என்றேன்.

வளர்ந்த பிறகும் இரண்டு தடவை நீ இதைக் கேட்டிருக்கிறாய், "அன்னிக்கு எதுக்குப்பா அடிச்சீங்க?" என்று. நானும் ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு ஜோக் அடித்துத் தப்பித்தேன். இனி ஜோக் இல்லை. நீ சரியாகத்தான் வாசித்தாய், தம்பி. ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. அது வரைக்கும் தொட்டியை ஒரு சந்தேகமாக மட்டும்தான் வைத்திருந்தேன். நாலாம் வகுப்புப் பிள்ளை வாசித்துவிட்ட வரியை நான் வாசிக்கவில்லை என்று தெரிந்த நாள் அது. அந்த அறை எனக்கு விழ வேண்டியது, குறுக்கே நீ நின்றுவிட்டாய்.

அதனால் உன் லிஸ்டைப் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேள். வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை. மூங்கில் கட்டிலை வாங்கு, ராக்காயி பேச்சைக் காதில் போடாதே. துணி டயப்பர் நல்லதுதான், தோய்க்கிற வேலையில் பாதியை நீ செய்வதாக இருந்தால் மட்டும் வாங்கு. ரப்பர் வளையமா, என்ன கலந்தீர்கள் என்று கடையில் வெட்கப்படாமல் கேள். தெரியாது என்று சொல்கிற கடையில் வாங்காதே. பச்சை இலையைப் பார்த்து மட்டும் எதையும் நம்பாதே, அந்தக் கேனிலும் இலைதான் இருந்தது. படத்தை நிறுத்தி எழுத்தை வாசி, தெரிந்த வார்த்தையோடு நிறுத்தாமல் கடைசிப் புள்ளி வரைக்கும் வாசி. புரியாததைப் புரியவில்லை என்று நாலு பேர் முன்னால் சொல்லப் பழகு, அதைவிடப் பெரிய படிப்பு இல்லை. பழைய சாமானைத் திரும்பப் பாவிப்பது நல்ல காரியம்தான். ஆனால் அது முன்னே எதைச் சுமந்தது என்று தெரியாத பாத்திரம் பிள்ளையிடம் போகக்கூடாது. உங்கம்மா இப்போது துணி கிழித்துக்கொண்டிருக்கிறாள். கோயிலுக்குக் கட்டிய சேலைகளை மட்டும்தான் எடுத்திருக்கிறாள். மருந்தடித்த மலைக்குக் கட்டிப் போன சேலை எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் தொடவில்லை.

இது மறைத்து வைக்கிற கடிதம் இல்லை. ஒரு நகலைப் புள்ளைக் காம்பரா ஆயம்மாவிடம் கொடுக்கப் போகிறேன், முழுகாமல் இருக்கிற பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டச் சொல்லி. இன்றைக்கும் இந்த லயத்தில் மூன்று வீட்டில் அதே மாதிரிக் கேனில்தான் தண்ணீர் பிடித்து வைக்கிறார்கள். கோமாளி சொன்னால் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். இதைக் கேட்டால் போக மாட்டார்கள்.

அந்தத் தொட்டியை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. முப்பது வருஷம் மண்ணுக்குள் கிடந்தும் ஒரு விளிம்பு மக்கவில்லை. பக்கத்து மேட்டில் வைத்த என் பிள்ளை மண்ணோடு மண்ணாகிவிட்டாள், இது நான் செய்த வளைவோடு அப்படியே வந்து நிற்கிறது. எரித்தால் புகை யார் வீட்டுக்குப் போகும்? புதைத்தால் இன்னொரு மழை வரும். பழைய சாமான் எடுக்கிறவரிடம் கொடுக்கலாம் என்று சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு போனேன். உருக்கி என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "பேசின், வாளி, எல்லாம் செய்வாங்க" என்றார். திரும்பத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். இதை எங்கே கொடுக்க வேண்டும் என்று உனக்குத் தெரிந்திருக்கும், இல்லாவிட்டால் விசாரித்துச் சொல்.

நேற்று இது வரைக்கும் எழுதி சாமிப் படத்துக்குக் கீழே வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் தாளின் மடிப்பு மாறியிருந்தது. உங்கம்மா அடுப்படியில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். நீங்கள் போன அன்றைக்கு அவள் என்னிடம் ஒரே ஒரு வார்த்தைதான் சொல்லியிருந்தாள்: "எங்கிட்டதான் சொல்லல, அதுங்ககிட்டயாச்சும் சொல்லுங்க." நேற்று எழுந்து போய்ச் சாக்கைப் பிரித்துத் தொட்டியை வெளியே எடுத்தாள். வாசல் கல்லில் கவிழ்த்து வைத்து, நழுவாமல் காலால் மிதித்துக்கொண்டாள். "ஓட்ட போடுங்க" என்றாள்.

நான் சுத்தியலைப் பிடித்தேன். அடி முழுக்க, ஒரு விரல் இடம் விடாமல் போட்டோம். இனி அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்காது. நதீஷாவிடம் வேறு எதையும் சொல்வதற்கு முன்னே அதைச் சொல்லு. ஒவ்வொரு ஆணியாக என் கையில் எடுத்துக் கொடுத்தது உங்கம்மா.

அப்பா